கோத்தகிரி ‘முட்டை’யும் கல்லமேட்டு எலும்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சிறு விவசாயியின் தேயிலைத் தோட்டம். வீட்டை ஒட்டிய சரிவில் தடுப்புச் சுவர் எழுப்புவதற்காகக் கடைக்கால் தோண்டியபோது செம்மண்ணுக்குள்ளிருந்து உருண்டைக் கற்கள் சில வெளியே வந்தன. அதில் ஒன்று அச்சாக முட்டை வடிவம். இன்னொன்று கடப்பாரை பட்டு இரண்டாக உடைந்தது. உள்ளே நடுவில் கருநிறம், அதைச் சுற்றி வெளுப்பாக ஒரு வளையம், வெளியே காவி நிறத்தில் ஓடு. உடைந்த கல்லின் படம் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. ஊர் சுற்றித் திரும்பி வந்தபோது ‘நீலகிரியில் டைனோசர் முட்டை’ என்று தலைப்பு முளைத்திருந்தது. அடுத்த சுற்றில், அது தழை தின்னும் டைனோசர் என்பதும், அரியலூரில் கிடைத்த அதே இனம் என்பதும் சேர்ந்துகொண்டன.

பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் விலை பேசினார். யாரோ ஒருவர் மஞ்சள் தடவிப் பூ வைத்துவிட்டுப் போனார். தோட்டக்காரரின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. வந்தவர்கள் மிதித்ததில் செடிகள் பட்ட பாடு போதும்.

நிலவியல் படித்தவன், மலையிலேயே இருப்பவன் என்பதால், அந்த வீட்டுப் பேத்தி படிக்கும் பள்ளியின் அறிவியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “முட்டையா இல்லையான்னு மட்டும் சொன்னா போதாதுங்க சார். எப்படிக் கண்டுபிடிச்சோம்னு பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க” என்றார். இந்தக் கட்டுரை அப்படி எழுதியதுதான், கொஞ்சம் விரிவாக.

மேஸ்திரியின் தீர்ப்பு

உண்மையில் நான் போவதற்கு முன்பே விடை சொன்னவர் ஒருவர் அங்கே இருந்தார். சுவர் கட்ட வந்த மேட்டுப்பாளையத்து மேஸ்திரி. “இது கருங்கல்லுங்க. மேல சொத்தை, உள்ள கெட்டி. உளி வெச்சா தெரிஞ்சுரும்” என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்லோடு வாழ்நாள் பூராவும் புழங்கியவர் சொன்னதைவிட, யார் எழுதியது என்றே தெரியாத வாட்ஸ்அப் செய்திக்கு மதிப்பு அதிகம். இது கோத்தகிரிக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

சரி, மேஸ்திரி சொன்னது சரிதானா என்று சோதிப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

முதலில் குழி, அப்புறம் கல்

வந்தவர்கள் எல்லோரும் கல்லைத்தான் படம் பிடித்தார்கள். கல் வந்த குழியை ஒருவரும் பிடிக்கவில்லை. எந்தப் புதைபடிவக் கதையிலும் பாதி சான்று, பல நேரம் முக்கால்வாசி சான்று, அது கிடந்த இடத்தில்தான் இருக்கும். இடத்தை விட்டு எடுத்த கல் பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளைதான். அதை யாரும் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நல்லவேளையாகக் கடைக்காலின் மேற்குச் சுவர் அப்படியே இருந்தது. மண்வெட்டியால் லேசாகச் சுரண்டி, தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். மேலே ஒரு முழம் அளவுக்குக் கருமண். அதற்குக் கீழே செம்மண். இன்னும் கீழே போனால், பார்வைக்கு மண் போலவும் நெருங்கிப் பார்த்தால் பாறை போலவும் இருக்கிற ஒரு படலம். கையால் அழுத்தினால் பொடியாகிறது. ஆனால் பாறைக்கு இருக்க வேண்டிய வரியும் கோடும் அப்படியே இருக்கின்றன. நின்ற இடத்திலேயே மக்கிப் போன பாறை அது. ஆறோ காற்றோ கொண்டுவந்து போட்ட மண் அல்ல.

அந்தப் படலத்துக்குள் இன்னும் வெளியே வராத உருண்டை ஒன்று பாதி முகம் காட்டிக்கொண்டு இருந்தது. இந்த வழக்கு முடிந்தது அதில்தான். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு ஒன்று, மக்கிய மண்ணில் சாய்வாக ஓடி வந்தது. உருண்டையின் காவி ஓட்டுக்குள் நுழைந்தது. ஓட்டைத் தாண்டிக் கெட்டியான கருங்கல்லுக்குள் போனது. மறுபக்கம் வெளியே வந்து, அதே சாய்வில், அதே அகலத்தில், மண்ணுக்குள் தொடர்ந்தது. பேத்தியை விட்டு அதன்மேல் ஒரு நூலைப் பிடிக்கச் சொன்னேன். நூல் எங்கும் விலகவில்லை.

ஒரு விலங்கு இட்ட முட்டை மண்ணில் புதைந்தது என்றால், மண்ணில் ஓடும் நரம்பு முட்டைக்குள் புகுந்து வெளியே வராது. உருண்டையும் அதைச் சுற்றியுள்ள மண்ணும் ஒரு காலத்தில் ஒரே பாறை. ஒரு பகுதி மக்கிவிட்டது, ஒரு பகுதி மக்காமல் நின்றுவிட்டது. இந்த ஒரு சான்றுக்குப் பிறகு மற்றச் சோதனைகள் உறுதி செய்துகொள்ளத்தான். ஆனாலும் செய்தோம். பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது பாதியில் நிறுத்த முடியுமா?

எடை: பச்சைத் தேயிலை நிறுக்கும் தொங்கு தராசில் முட்டை வடிவக் கல்லைக் கட்டித் தூக்கினோம். 46 கிலோ. நீளம் 36 சென்டிமீட்டர், அகலம் 30. கணக்குப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் வருகிறது. கருங்கல்லின் அடர்த்தி அதுதான். ஆனால் இந்த எண் மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. உள்ளே சுண்ணாம்பு நிறைந்து இறுகிய நிஜமான முட்டைப் படிவமும் அதே அளவுக்குக் கனக்கக்கூடும்.

அளவு: இந்தியாவில் கிடைத்த, தழை தின்னும் டைட்டனோசர் வகை முட்டைகள் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டவை. அம்மா விலங்கு எவ்வளவு பெரிதானாலும் முட்டை அதற்கேற்ப வளர்ந்துகொண்டே போகாது. முட்டை பெரிதாக ஆக ஓடு தடிக்க வேண்டும். ஓடு தடித்தால் உள்ளே காற்றுப் போகாது, குஞ்சுக்கு உடைக்கவும் வலு இருக்காது.

ஓடு: அந்த வகை முட்டைகளின் ஓடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சுண்ணாம்புச் சத்தால் ஆனது. வெளிப்புறம் சிறு சிறு குமிழ்களாகச் சொரசொரப்பாக இருக்கும். காற்றுப் போகத் துளைகள் இருக்கும். எங்கள் கல்லின் ‘ஓடு’ ஒரு விரற்கடைத் தடிமன். துளையும் இல்லை, குமிழும் இல்லை. உரித்தால் அடியில் இன்னொரு ஓடு, அதற்கடியில் இன்னொன்று.

அமிலம்: பள்ளி ஆய்வகத்திலிருந்து டீச்சர் கொண்டுவந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுவிட்டோம். சுண்ணாம்பாக இருந்தால் நுரைக்கும். நுரைக்கவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: அரியலூர்ப் பக்கம் இந்தச் சோதனையை வைத்து யாரும் குதிக்க வேண்டாம். அங்கே பாதி ஊர் சுண்ணாம்புக் கல். எதில் ஊற்றினாலும் நுரைக்கும். அங்கே முட்டை என்று நிரூபிக்க, ஓட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் அதன் படிக அமைப்பைப் பார்த்தாக வேண்டும்.

கடைசியாக உளி. மேஸ்திரியே ஒரு மூலையைத் தட்டிக் கொடுத்தார். புதிதாக உடைந்த முகத்தில் கருநீலச் சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். கைலென்ஸில் பார்த்தால் கல்லில் உள்ள கனிமங்கள் தெரிகின்றன: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கரும்பழுப்பில் பைராக்ஸீன், அங்கங்கே மாதுளை முத்து நிறத்தில் கார்னெட். அச்சு அசலான சார்னோக்கைட். நீலகிரி மலையே பெரும்பாலும் இந்தக் கல்தான். பழனி மலையில் கொடைக்கானல் பக்கம் பார்த்தாலும் இதே குடும்பம்தான். சென்னையில் பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் இதுவே. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள பலகையும் நம் பக்கத்துக் கல் என்பது ஒரு சுவையான செய்தி. 1893இல் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்துதான் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார்.

மஞ்சள் கரு எப்படி வந்தது?

மக்களை ஏமாற்றியது வடிவம் மட்டுமல்ல, உடைந்த கல்லுக்குள் தெரிந்த ‘கரு’. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை நானே முதலில் போனில் பார்த்தபோது, அவித்த முட்டையைக் குறுக்கே வெட்டியது போலத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பூமிக்கு அடியில் கெட்டியாக இருந்த பாறை, மேலே இருந்த சுமை அரித்துப் போகப் போக, மூன்று திசைகளிலும் விரிசல் விடுகிறது. பாறை கட்டம் கட்டமாகப் பிரிகிறது. விரிசல் வழியாக மழைநீர் இறங்குகிறது. கட்டத்தின் ஒரு முகத்தை நீர் ஒரு பக்கமிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து. அதனால் மூலைதான் முதலில் மக்கும். மூலை போனால் சதுரம் உருண்டையாகும். தண்ணீர் பட்ட ஃபெல்ட்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாக மாறுகிறது. படத்தில் வெள்ளைக் கருவாகத் தெரிந்தது அந்தக் களிமண் வளையம். இரும்புச் சத்துள்ள கனிமங்கள் துருவேறிக் காவியாகின்றன, அது ஓடு. நடுவில் இன்னும் தண்ணீர் எட்டாத கருங்கல்தான் ‘கரு’.

நீலகிரி மாதிரி மழையும் ஈரமும் உள்ள மலையில் இப்படிப்பட்ட உருண்டைகள் எக்கச்சக்கம். குன்னூர்ச் சாலையில் மண் வெட்டிய இடங்களில் தலையைத் திருப்பினால் தெரியும். உருண்டைக் கல் இந்த மலை மக்களுக்குப் புதிதும் அல்ல. ஊட்டியில் முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் புத்தாண்டுப் பண்டிகையின்போது தோடர் இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டுவதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

மலையில் டைனோசரே இல்லையா?

“அப்ப இங்க டைனோசர் இருந்ததே இல்லையா சார்?” என்று பேத்தி கேட்டாள். அன்று கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி இதுதான்.

நீலகிரியின் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயது. டைனோசர்கள் தோன்றியது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன். பறவையாக மாறிய கிளையைத் தவிர மற்றவை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்து போயின. டைனோசர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவாகி முடிந்த பாறைக்குள் அதன் எலும்பு இருக்க முடியாது. சார்னோக்கைட் உருவான விதமும் அப்படி. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வெந்த பாறை அது. அதற்குள் எந்த உயிரின் எச்சமும் முழுசாகத் தேறாது.

ஆனால் டைனோசர் காலத்தில் தென்னிந்தியா தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கவில்லை. நிலம் இருந்தது, காடு இருந்தது, ஆறுகள் இருந்தன. இன்றைய நீலகிரி இருக்கும் பரப்பில் டைனோசர்கள் நடமாடியிருக்கலாம். நடமாடவில்லை என்று சொல்லக் காரணமில்லை. அவை நடந்த தரைதான் இன்று இல்லை. உயரமான நிலம் அரித்துக்கொண்டே இருக்கும். அங்கே செத்த விலங்கின் எலும்பு வெயிலில் வெடித்து, மழையில் கரைந்து, மண்ணோடு போய்விடும். ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் சட்டென்று மூடும் பள்ளத்தில்தான் எலும்பு கல்லாகும். விலங்கு வாழ்ந்த இடம் ஒன்று, எலும்பு தங்குகிற இடம் வேறு. தமிழ்நாட்டில் அந்தப் பள்ளம் கிழக்கே, இன்றைய அரியலூர், பெரம்பலூர் பக்கம் இருந்தது.

மலையில் பழைய உயிர்த்தடம் வேண்டுமென்றால், ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளில் சதுப்புக் கரி இருக்கிறது. புல்லும் பாசியும் மக்கி அடுக்கடுக்காகப் படிந்தது. 20 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மழையும் குளிரும் அதில் பதிவாகியிருப்பதை 1993இல் ஆய்வாளர் சுகுமார் குழுவினர் காட்டினார்கள். மலையின் நினைவு அவ்வளவுதான் பின்னே போகும். டைனோசர் வரை எட்டாது.

கூட்டத்தில் ஒருவர் விடவில்லை. “ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல கல்லான மரம் இருக்கே, ரெண்டு கோடி வருஷம்னு போர்டு போட்டிருக்கே?” என்றார். இருக்கிறதுதான். ஆனால் சமவெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த மரம் அது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் போனால் அப்படிப்பட்ட கல்மரங்கள் படுத்துக் கிடப்பதைக் காணலாம். பூங்காவில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தை வைத்து ஆஸ்திரேலியா ஊட்டியில் இருக்கிறது என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அவர் சிரித்துவிட்டார். ஒத்துக்கொண்டாரா என்று கேட்கவில்லை.

அரியலூரில் கிடைத்தது என்ன?

வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரி மட்டும் முழுப் பொய் இல்லை: அரியலூரில் யானையைவிடப் பெரிய, தழை தின்னும் டைனோசரின் எலும்பு கிடைத்தது. முட்டைக் கதை ஒட்டிக்கொண்டது அதன்மேல்தான். அந்தக் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அது கோத்தகிரிக் கதைக்கு நேர் எதிர்.

முதலில் ஒரு தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1850களில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்காக நீலகிரியின் பாறைகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அதே மனிதர் 1862இல் திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) படிவுகளைப் பற்றி எழுதினார். அங்கே கிளிஞ்சல், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்ற பழைய கடலுயிர் என்று கடலே கல்லாகிக் கிடக்கிறது. மலை அறிக்கையில் பாறை மட்டும். சமவெளி அறிக்கையில் உயிர்களின் கூட்டம். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமவெளியின் ஒரு மூலைதான் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. சுற்றியுள்ள படிவுகளில் பெரும்பகுதி கடல் விட்டுச் சென்றது என்றால், கல்லமேட்டுப் படிவு ஆற்று மணலும் களிமண்ணும். டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புருஹத்காயோசாரஸ் மேட்லியி என்ற புதிய டைனோசரை அறிவித்தார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கை எலும்பு, வால் முள்ளெலும்பு. இனப்பெயரின் பின்பாதி, ஜபல்பூரிலும் திருச்சிப் பக்கத்திலும் டைனோசர் எலும்புகளைத் தேடிய சார்லஸ் மேட்லியின் நினைவாக வைத்தது.

முதலில் இதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்திருந்தார்கள். பிறகுதான், இவ்வளவு பெரிய காலெலும்பு நீண்ட கழுத்துள்ள, தழை தின்னும் டைட்டனோசருக்குத்தான் பொருந்தும் என்று கருத்து மாறியது. கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்று என்று பெயரெடுத்த அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே 1.55 மீட்டர்தான். 2023இல் கிரகரி பால், அசியர் லாரமெண்டி இருவரும் புருஹத்காயோசாரஸின் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டார்கள். முதுமலையின் பெரிய கொம்பன் யானை ஐந்து டன் என்று வைத்தால், இருபது யானைக்கும் மேலே. அந்த மதிப்பீடு சரியென்றால், தரையில் நடந்த விலங்குகளிலேயே பெரியது, நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடக்கூடியது, நம் அரியலூரில் இருந்தது.

இந்த ‘சரியென்றால்’ என்ற சொல்லில்தான் பிரச்சினை. இன்று போய் அளந்து பார்க்க அந்த எலும்பு இல்லை. கல்லமேட்டு எலும்புகள் பொடிப்பொடியாக உதிரும் தன்மை உள்ளவை. எடுத்த எலும்புகள் ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் முன்பே சிதைந்துவிட்டன என்று 2017இல் கால்ட்டனும் அய்யாசாமியும் எழுதினார்கள். முதல் அறிக்கையிலோ கோட்டுப் படங்கள்தான். அதனால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதை நம்பத் தயங்கினார்கள். எலும்பே அல்ல, கல்லான மரத்தண்டு என்றுகூடச் சொன்னார்கள். அந்தச் சந்தேகத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. அதே வட்டாரத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் ஒன்று படுத்திருக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. பிறகு 2022இல் சௌரப் பால், அய்யாசாமி இருவரும் அன்று களத்தில் எடுத்த, அதுவரை வெளிவராத புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்பு மண்ணில் கிடப்பதும், பிளாஸ்டர் போட்டுக் கட்டியதும் படத்தில் தெரிகின்றன. மரம் என்ற வாதம் அதோடு பலவீனமாகிவிட்டது. ஆனால் படத்தை அளந்து எவ்வளவு தூரம் போக முடியும்? எடை மதிப்பீட்டில் 60 டன் இடைவெளி விழுந்திருப்பதைப் பாருங்கள். பன்னிரண்டு யானைகள் அந்த இடைவெளிக்குள் நிற்கும்.

யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1979இல் அறிவித்த திராவிடோசாரஸ் கதையும் இழுபறிதான். முதுகில் தகடுகள் கொண்ட, தழை தின்னும் ஸ்டெகோசர் வகை என்று முதலில் சொன்னார்கள். அது கடலில் நீந்திய பிளீசியோசர் என்று 1990களில் சங்கர் சாட்டர்ஜி தரப்பு மறுத்தது.  

என் கணக்கில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோத்தகிரியில் முட்டை இல்லை; ஆனால் குழியின் படமும் அளவும் இருக்கின்றன, கல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திரும்பச் சோதித்துப் பார்க்கலாம். கல்லமேட்டில் உண்மையான ராட்சதன் இருந்தது. ஆனால் திரும்பச் சோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. தமிழ்நாட்டுக்கு டைனோசர் பஞ்சம் கிடையாது. கிடைத்ததைக் காப்பாற்றிப் பதிவு செய்வதில்தான் பஞ்சம். ஆளுக்கொரு முட்டையைத் தேடி அலைவதைவிட இதைப் பேசினால் புண்ணியம்.

மற்ற முட்டைகள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்த இடத்தில் பெரிய உருண்டைகள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று மாநிலம் முழுக்கப் பரவியது. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் சார்ந்த கடல் படிவு உருண்டைகள் என்றார்கள். அங்கே ஏமாந்ததில் ஒரு நியாயமாவது உண்டு. காலமும் சரி, படிவும் டைனோசர் கிடைக்கும் வட்டாரம். நீலகிரிக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

மறுபக்கக் கதையும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 முட்டைக் கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதாக 2023இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எல்லாம் டைட்டனோசர் வகை. அதே மாவட்டத்துப் பாட்ல்யா கிராமத்தில், குலதெய்வமாக வைத்துத் தலைமுறைகளாகக் கும்பிட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று அதே ஆண்டு செய்தி வந்தது. அங்கே முட்டையைக் கல் என்று நினைத்தார்கள்; இங்கே கல்லை முட்டை என்று நினைத்தார்கள். இரண்டு இடத்திலும் பூ வைத்தார்கள்.

செய்தது, செய்ய வேண்டியது

குழியின் சுவரை அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம், ஜி.பி.எஸ். இடக்குறி, குவார்ட்ஸ் நரம்பின் சாய்வு, எடை, அமிலச் சோதனை எல்லாம் பள்ளியின் பதிவேட்டில் ஏறின. உடைந்த கல்லின் ஒரு பாதி பள்ளிக்குப் போனது. ‘டைனோசர் முட்டை அல்ல’ என்று எழுதலாமா என்று டீச்சர் கேட்டார். இல்லாத ஒன்றின் பெயரை ஏன் எழுத வேண்டும்? ‘சார்னோக்கைட், உருண்டையாக மக்கியது’ என்று எழுதச் சொன்னேன்.

தோட்டக்காரரிடம் பேச வேண்டியது வேறு. இப்படி உருண்டைகள் களிமண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கும் சரிவை வெட்டினால், வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி இளகும். கல் உருண்டு வரும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை அவரே கண்ணால் பார்த்தவர். “அய்யா, முட்டையை விடுங்க, சுவத்துக்குப் பின்னாடி தண்ணி தேங்கக் கூடாது” என்றேன். முகம் காட்டிக்கொண்டிருந்த உருண்டையைப் படமெடுத்த பிறகு மேஸ்திரி இறக்கிவிட்டார். சுவரில் தண்ணீர் வடியக் குழாய்கள் வைத்து, பின்னால் சரளை நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளியிலிருந்து பிள்ளைகளை அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போக டீச்சர் திட்டம் போட்டிருக்கிறார். வழியில் எங்காவது எலும்பு மாதிரி எதையாவது பார்த்தால் என்ன செய்வது என்று பேத்தி கேட்டாள். தோண்டாதே, எடுக்காதே, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடு, சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து எடு, இடத்தைக் குறித்துக்கொள், டீச்சரிடம் சொல், டீச்சர் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதுவார் என்றேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிலோ என்ன விலை என்று அடுத்த கேள்வி. பெயின்ட் கடையில் கேட்டால் சொல்வார்கள், ஆனால் நீ போன் சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டால் போதும் என்றேன்.